ஜெல், அக்ரிலிக், ஒட்டு நகம்: வுழூவும் நகமும் கெடாமல் எதைத் தெரிவு செய்வது?

எங்கள் ஊர்களில் கல்யாணம் பேசி முடிந்ததும் மணப்பெண்ணுக்கு வரும் யோசனைகளில் இப்போது நகமும் சேர்ந்துவிட்டது. சாரி என்ன நிறம், மருதோண்டி யார் போடுவது என்பதோடு 'நகத்துக்கு என்ன செய்வது' என்ற கேள்வியும் வருகிறது. முன்பெல்லாம் இதற்குப் பதில் மருதோண்டிதான். மிஞ்சிப் போனால் ஒரு போத்தல் கியூடெக்ஸ். இன்றைக்கு ஜெல், அக்ரிலிக், பொலி ஜெல், ஒட்டு நகம், 'ஹலால்' கியூடெக்ஸ் என்று ஒரு கடைத்தெருவே கைபேசித் திரையில் விரிந்து கிடக்கிறது.

நான் பதினான்கு வருடங்களாக மணப்பெண் அலங்காரம் செய்து வருகிறேன். இந்த விடயத்தில் எங்கள் சகோதரிகளின் காதுக்கு எட்டுவது இரண்டு குரல்கள்தான். ஒன்று, 'போடவே கூடாது' என்று ஒரே வரியில் முடிக்கும் குரல். மற்றது, 'ஒன்றும் ஆகாது, இரண்டு கிழமைக்கு அப்படியே மின்னும்' என்று சொல்லும் விளம்பரக் குரல். நகத்துக்குள் என்ன நடக்கிறது, எதை எப்படிக் கழற்ற வேண்டும், எந்த வகை எங்கள் தொழுகை வாழ்க்கையோடு ஒத்துப்போகும் என்று உட்கார்ந்து விளக்குபவர்கள் குறைவு. நான் ஆலிமாவும் இல்லை, வைத்தியரும் இல்லை. மார்க்கத் தீர்ப்புக் கேட்பவர்கள் உலமாக்களிடம்தான் போக வேண்டும். தொழிலில் இருப்பவள் என்ற வகையில் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் நகம் என்றால் என்ன என்று பார்ப்போம். நாம் வெட்டுகிற, பூசுகிற அந்தத் தகடு உயிரற்றது. கெரட்டின் என்ற புரதம் அடுக்கடுக்காக இறுகி அப்படி ஆகியிருக்கிறது. உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில், நகத்தின் வேரில் இருக்கிறது. பெருவிரலில் தெரியும் வெள்ளைப் பிறை அதன் முன்விளிம்புதான். அங்கே காயம் பட்டால் வளர்ந்து வரும் நகமே கோணலாக வரும். கைவிரல் நகம் மாதம் ஒன்றுக்குச் சுமார் 3 மில்லிமீற்றர்தான் வளரும். வேரிலிருந்து நுனி வரை ஒரு புது நகம் வர ஏறக்குறைய 6 மாதம் எடுக்கும். கால் பெருவிரல் என்றால் ஒரு வருடம், சில வேளை ஒன்றரை வருடம். அதாவது, ஒரு வலீமாவுக்காக ஒரே நாளில் கெடுத்துக்கொள்ளும் நகம் திருந்தி வர அரை வருடம் காத்திருக்க வேண்டும். தகட்டை எந்த 'சீரமும்' உள்ளிருந்து குணப்படுத்தாது. வெட்டிய முடிக்கு மருந்து போடுவது போலத்தான் அது.

'நகம் மூச்சு விட வேண்டும், அதனால் இடையிடையே பூச்சில்லாமல் விடுங்கள்' என்று பார்லர்களில் சொல்வார்கள். நகம் மூச்சு விடுவதில்லை. அதன் வேருக்கு வேண்டிய ஒட்சிசனும் சத்தும் இரத்தத்தில் இருந்தே வருகின்றன. இடைவெளி விடுவது நல்லதுதான், ஆனால் காரணம் வேறு: கழற்றும் திரவத்தில் காய்ந்துபோன, அரத்தில் தேய்ந்துபோன பகுதி வளர்ந்து வெட்டுப்பட்டுப் போக நேரம் வேண்டும்.

இந்த 'மூச்சு விடும்' பேச்சு எங்களுக்கு முக்கியமாவதற்குக் காரணம் உண்டு. வுழூவில் கைகளை முழங்கை வரை கழுவுவது ஸூரத்துல் மாஇதாவின் 6ஆம் வசனத்தில் வந்த கட்டளை. காலில் நகத்தளவு இடம் நனையாமல் விட்டிருந்த ஒருவரைப் பார்த்து, திரும்பிப் போய் வுழூவைச் சரியாகச் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக உமர் (ரழி) அவர்கள் வழியாக முஸ்லிம் கிரந்தத்தில் வருகிறது. ஆகவே மத்ரஸாவில் எல்லோரும் படித்த விதி இது: தோலிலும் நகத்திலும் தண்ணீரைத் தடுக்கும் படை இருந்தால் வுழூவும் கடமையான குளிப்பும் நிறைவேறாது. நிறம் மட்டும் ஏறியிருந்தால் பிரச்சினை இல்லை. மருதோண்டியின் சாயம் நகத்துக்குள் இறங்கிய நிறம், அதற்குப் படை கிடையாது. கியூடெக்ஸ் படை. ஜெல் அதைவிடத் தடித்த படை.

இந்த இடைவெளிக்குள்தான் 'ஹலால்' கியூடெக்ஸ் நுழைந்தது. போலந்தின் இங்லோட் நிறுவனம் காற்றும் ஈரமும் ஊடுருவும் என்று சொல்லி ஒரு பூச்சைக் கொண்டுவந்த பிறகு, பல நிறுவனங்கள் அதே வழியில் இறங்கின. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நீராவி ஊடுருவுவது வேறு, தண்ணீர் ஊடுருவி அடியில் உள்ள நகத்தை நனைப்பது வேறு. சட்டைத் துணிக்குள்ளால் வியர்வை ஆவியாகிப் போவதும், வாளித் தண்ணீர் உள்ளே இறங்குவதும் ஒன்றல்ல. 'மூச்சு விடும்' என்று போத்தலில் எழுதியிருப்பது பெரும்பாலும் முதலாவதைத்தான். சிலர் வடிதாளில் பூசி, மேலே ஒரு துளி தண்ணீர் விட்டு, விரலால் தேய்த்துத் தேய்த்துக் காட்டுகிறார்கள். வுழூ செய்யும் இரண்டு நிமிடத்தில் பத்து நகத்தையும் யார் அப்படித் தேய்க்கிறார்கள்? அதுவும் இரண்டு பூச்சு, மேலே பளபளப்புப் பூச்சு என்று போட்ட பிறகு? உலமாக்களிடையே இதில் ஒரே கருத்து இல்லை. என்னிடம் கேட்பவர்களுக்கு, சந்தேகமான இடத்தில் தொழுகையை வைக்காதீர்கள், அதைச் சாதாரணக் கியூடெக்ஸாகவே நினைத்து நடந்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் அடிக்கடி கேட்கிறேன். வுழூவோடு ஜெல் போட்டுக்கொண்டால், காலுறையில் மஸ்ஹு செய்வது போல மேலால் தடவிக்கொள்ளலாம் என்று ஒரு பேச்சு. அந்தச் சலுகை காலுக்கு அணிவதற்கு வந்தது, அதை நகத்துக்கு இழுத்து வர முடியாது என்றே உலமாக்கள் விளக்குகிறார்கள். முதலில் செய்த வுழூ முறியும் வரை செல்லும், அவ்வளவுதான்.

எங்கள் பெண்களில் அதிகமானோர் இதற்குக் கண்டுபிடித்திருக்கும் வழி, தொழுகை இல்லாத நாட்களில் மட்டும் பூசுவது. மாதவிடாய் தொடங்கியதும் பூசி, குளிப்புக் கடமையாகும்போது கழற்றிவிடுவது. சாதாரணக் கியூடெக்ஸுக்கு இந்த வழி நன்றாகவே பொருந்துகிறது. அது கரைப்பானில் கலந்த ஒரு பூச்சு, கரைப்பான் ஆவியானதும் படிந்துவிடும், மறுபடி கரைப்பானைத் தொட்ட பஞ்சு பட்டால் ஒரு நிமிடத்தில் போய்விடும்.

ஆனால் இதே வழக்கத்தை ஜெல்லுக்குக் கொண்டுபோவதுதான் நான் காணும் பெரிய சேதம். ஜெல் வெறுமனே காய்வதில்லை. விளக்கின் புற ஊதா ஒளி பட்டதும் அதிலுள்ள சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி பிளாஸ்ரிக் ஆகிவிடுகின்றன. இரண்டு, மூன்று கிழமை இருக்கும்படி செய்யப்பட்ட பொருள் அது. அதை ஆறாவது, ஏழாவது நாளில் கழற்ற வேண்டி வரும்போது நகத்தோடு இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். மக்ரிபுக்கு முன் குளித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? பல்லால் கடிக்கிறார்கள், அல்லது ஓரத்தைக் கிளப்பி உரித்து எடுக்கிறார்கள். உரிந்து வருவது ஜெல் மட்டுமல்ல, நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து வரும். கழற்றிய பிறகு வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் தெரிந்தால், தொட்டால் கூசினால் அதுதான் காரணம். 'ஜெல் போட்டு என் நகம் மெலிந்துவிட்டது' என்கிறவர்களில் பெரும்பாலானோரின் நகத்தைக் கெடுத்தது போட்டது அல்ல, எடுத்த விதம்.

ஜெல்லைக் கழற்றும் முறை இதுதான். மேற்பூச்சின் பளபளப்பை மட்டும் அரத்தால் மெல்ல எடுக்க வேண்டும். சுற்றியுள்ள தோலில் வஸ்லின் தடவி, அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து, அலுமினியத் தாளால் விரலைச் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட வேண்டும். அதன்பின் மரக்குச்சியால் தள்ளினாலே நழுவி வரும். வராவிட்டால் சுரண்டாமல் இன்னும் ஐந்து நிமிடம் சுற்றி வைக்க வேண்டும். பிறகு கையைக் கழுவி எண்ணெய் தடவ வேண்டும், ஏனென்றால் அசிட்டோன் நகத்தின் ஈரத்தையும் எண்ணெய்த்தன்மையையும் இழுத்துவிடும். அடுப்புப் பக்கத்தில் இதைச் செய்ய வேண்டாம். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும்.

'ஹார்ட் ஜெல்' என்று சொல்லப்படும் வகை அசிட்டோனில் கரையாது. அரத்தாலோ மெஷினாலோ தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். பொலி ஜெல்லும் அநேகமாக அப்படித்தான். ஆகவே சலூனில் கதிரையில் உட்காருவதற்கு முன்பே, 'இதை எப்படிக் கழற்றுவது, எவ்வளவு நேரம் எடுக்கும்' என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுகிறவரிடம் கையைக் கொடுக்காதீர்கள்.

அக்ரிலிக் நகம் என்பது தூளையும் திரவத்தையும் கலந்து நகத்தின் மேல் கட்டுவது. பல் வைத்தியத்தில் பாவிக்கும் பிளாஸ்ரிக்கின் குடும்பம்தான் அது. நல்ல தயாரிப்புகளில் இருக்கும் திரவம் எதில் மெதக்ரிலேற். மலிவாக முடிக்க நினைப்பவர்கள் மெதில் மெதக்ரிலேற்றைப் பாவிப்பதுண்டு. அமெரிக்காவில் 1970களிலேயே இதற்கு எதிராக நடவடிக்கை எடுத்தார்கள். அது இறுகினால் கல் மாதிரி, அசிட்டோனிலும் இலகுவில் கரையாது. எங்காவது இடித்தால் அக்ரிலிக் உடையாமல் சொந்த நகம் வேரோடு கிளம்பிவிடும். மூக்கைத் துளைக்கும் வழமைக்கு மாறான வாடை, கழற்றும்போது ஊறவே மாட்டேன் என்று நிற்பது, போத்தலில் பெயரே இல்லாதது ஆகிய மூன்றையும் கண்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

இனி ஒவ்வாமை. இதைப் பற்றி எங்கள் மத்தியில் பேச்சே இல்லை. ஜெல்லிலும் அக்ரிலிக்கிலும் உள்ள 'ஹெமா' போன்ற மெதக்ரிலேற் வகைகள் இறுகாத நிலையில் தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். முதல் முறை ஒன்றும் தெரியாது. பத்தாவது முறை விரல் நுனி சிவந்து, தடித்து, வெடிக்கும். நகத்தைத் தொட்ட கை முகத்தில் படுவதால் கண் இமையும் வீங்கலாம். ஒரு முறை வந்துவிட்டால் அது பொதுவாக ஆயுள் முழுக்க இருக்கும். இதே குடும்பப் பொருட்கள் பல் அடைப்பிலும், மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையில் பாவிக்கும் எலும்புச் சீமெந்திலும் இருக்கின்றன. இருபது வயதில் நகத்துக்காக வாங்கிக்கொண்ட ஒவ்வாமை அறுபது வயதில் முழங்காலுக்குக் குறுக்கே நிற்கலாம். பிரித்தானியத் தோல் வைத்தியர் சங்கம் 2018இல் இதைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஹெமா கலந்த நகப் பொருட்கள் தொழில்முறைப் பாவனைக்கு மட்டும் என்று வரையறுத்திருக்கிறார்கள். ஜெல்லை இறுகச் செய்யப் பாவித்த டி.பி.ஓ. என்ற இன்னொரு பொருளை 2025 செப்டெம்பர் 1 முதல் அங்கே முற்றாகத் தடை செய்துவிட்டார்கள்.

அங்கே நிலைமை அப்படியிருக்க, இங்கே இணையத்தில் ஒரு சிறு விளக்கும் ஆறு போத்தல் ஜெல்லும் கொண்ட பெட்டியை வாங்கி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் ஜெல்லுக்கு இன்னொரு நிறுவனத்தின் விளக்கு பொருந்தாமல் போகலாம். மேலே இறுகியது போலத் தெரியும், அடியில் பச்சையாகவே இருக்கும். தோலில் வழிந்ததைத் துடைக்காமல் விளக்குக்குள் கையை வைப்பார்கள். ஒவ்வாமைக்கு இதைவிட நேர்வழி இல்லை. உம்மாமார் இந்தப் பெட்டி வீட்டுக்குள் வருவதைக் கவனிக்க வேண்டும். விளக்கின் ஒளியால் தோலுக்குப் பாதிப்பு வருமா என்று கேட்பவர்களும் உண்டு. எப்போதாவது போடுகிறவர் பெரிதாகப் பயப்படத் தேவையில்லை. அடிக்கடி போடுகிறவர் விரல் நுனி மட்டும் தெரியும் கையுறையோ சன்ஸ்கிரீனோ பாவிப்பது நல்லது.

அப்படியானால் கல்யாணத்துக்கு என்னதான் செய்வது? வுழூவைப் பொறுத்த மட்டில், கழற்றி மாட்டக்கூடிய ஒட்டு நகம்தான் சிக்கல் குறைந்தது. அதிலும் பசைப் போத்தலை விட்டுவிட்டு, இரட்டைப் பக்கம் ஒட்டும் சிறு பட்டியைப் பாவியுங்கள். சில மணிநேரம் தாங்கும். மண்டபத்தில் இருந்து வந்ததும் வெந்நீரில் கையை வைத்தால் தானாக விடும். படம் எடுக்கும் நேரத்துக்கு அது தாராளம். செயற்கை நகம் வைப்பதையே கூடாது என்று கருதும் உலமாக்களும் இருக்கிறார்கள், அதை விசாரித்துத் தெளிந்துகொள்ளுங்கள். பசைதான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த உடனடிப் பசை பருத்தித் துணியில் சிந்தினால் சூடேறும், தோலைச் சுட்டுவிடும் அளவுக்கு. உடுப்பு உடுத்த பிறகு மடியில் வைத்து ஒட்டக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு அறவே கூடாது.

ஒட்டியது எதுவாக இருந்தாலும் ஓரம் கிளம்பினால் அன்றே எடுத்துவிட வேண்டும். சமையல், மீன் கழுவுதல், உடுப்புத் துவைத்தல் என்று எங்கள் பெண்களின் கை நாள் முழுக்க ஈரத்தில்தான். கிளம்பிய இடுக்கில் தண்ணீர் புகுந்து தங்கினால் ஒரு வகைப் பக்றீரியா வளர்ந்து நகம் பச்சை நிறமாகும். அதன்மேல் புதுப் பூச்சுப் போட்டு மறைத்து அனுப்பும் இடங்களும் இருக்கின்றன. அது மறைக்க வேண்டிய விடயம் இல்லை, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வைத்தியரிடம் காட்ட வேண்டிய விடயம்.

எனக்குப் பிடித்தது பூச்சே இல்லாத மெனிக்கியூர்தான். ஐந்து வேளையும் தொழுகிற கைக்கு அதைப் போலச் சுகமானது இல்லை. நகத்தை அளவாக வெட்டி, ஒரே திசையில் அரத்தால் தேய்த்து, மென்மையான பஃபரால் லேசாக மினுக்கி, எண்ணெய் தடவி மசாஜ் செய்தால் நகம் பளிச்சென்று இருக்கும். மினுக்குவதையும் மாதம் ஒரு முறைக்கு மேல் செய்ய வேண்டாம், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேய்கிறது. முக்கியமாக, நகத்தின் அடியில் உள்ள மெல்லிய தோலை வெட்ட விடாதீர்கள். அழுக்குத் தோல் என்று நினைத்து வெட்டுகிறார்கள். அது வேருக்குள் தண்ணீரும் கிருமியும் போகாமல் அடைத்திருக்கும் முத்திரை. அதை வெட்டியதால் நகச்சுற்று வந்து, சீழ் வைத்து, கையைத் தூக்கிக்கொண்டு வருபவர்களை ஒவ்வொரு கல்யாணக் காலத்திலும் காண்கிறேன். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டு, துணியால் மெல்லப் பின்னால் தள்ளினாலே போதும். இரும்புக் கருவிகள் ஒருவருக்குப் பாவித்த பின் கழுவிக் கிருமி நீக்கப்பட வேண்டும். அரமும் பஃபரும் ஆளுக்கு ஒன்று. கேட்க வெட்கமாக இருந்தால் சொந்தமாக ஒரு பெட்டி வாங்கிக் கொண்டு போங்கள். நான் என்னிடம் வருபவர்களையே அப்படிக் கொண்டுவரச் சொல்கிறேன்.

வீட்டில் செய்யக்கூடியது இரண்டுதான். பாத்திரம் கழுவும்போது கையுறை, படுக்கும் முன் நகத்தைச் சுற்றித் தேங்காய் எண்ணெய். நீளத்தைக் குறைப்பதும் ஒரு பராமரிப்பே. நகம் வெட்டுவது ஃபித்ராவில் ஒன்று, அதை 40 நாட்களுக்கு மேல் விடக் கூடாது என்று அனஸ் (ரழி) அவர்களின் அறிவிப்பு முஸ்லிமில் இருக்கிறது. இது பெண்களுக்கு மட்டும் வந்ததல்ல. சில நானாமாரின் சுண்டுவிரலைப் பார்த்தால் அந்த விரலுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டோ என்று நினைக்கத் தோன்றும்!

மருதோண்டிக்கு வருவோம். இலையை அரைத்துப் போட்டால் முதலில் செம்மஞ்சள், ஓரிரு நாளில் கடும் சிவப்பு. நகத்தில் ஏறிய நிறம் வளர்ந்து வெட்டுப்படும் வரை மாதக் கணக்கில் நிற்கும், வுழூவுக்கும் தடையில்லை. ஆனால் பெருநாள் இரவு கடையில் வாங்கும் எல்லாக் கோனும் மருதோண்டி அல்ல. அரை மணி நேரத்தில் கறுப்பாகப் பிடிப்பது இலையால் முடியாத காரியம். 'கறுப்பு மருதோண்டி' என்று விற்பதில் தலைமுடிச் சாயத்தில் போடும் பி.பி.டி. என்ற இரசாயனம் கலந்திருக்கலாம். ஐரோப்பாவில் அதை முடிச் சாயத்தில்கூட 2 வீதத்துக்கு மேல் தலைக்குப் போக விடுவதில்லை, தோலில் பூச அனுமதியே இல்லை. கொப்புளம் போட்டு, கோலம் போட்ட வடிவத்திலேயே தழும்பு நின்ற கைகள் உண்டு. அதற்குப் பிறகு அவர்கள் வாழ்நாளில் முடிச் சாயத்தைத் தொட முடியாமல் போகலாம். 'வெள்ளை மருதோண்டி' என்பது பெயரில் மட்டும்தான் மருதோண்டி. அது தோலின் மேல் ஒட்டும் பூச்சு, தண்ணீரைத் தடுக்கும். கைக்குழந்தைகளின் காலுக்கும் கைக்கும் ஆசைக்குப் பூசுவதையும் விட்டுவிடுங்கள். ஜி6பி.டி. என்ற நொதியம் பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அசல் மருதோண்டியே சிவப்பணுக்களை உடைத்துவிடும். குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருப்பது அதுவரை வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது.

பூச்சு எப்போதும் நகத்தை மூடியே இருந்தால் நகம் காட்டும் அடையாளங்களும் மறைந்துபோகும். நகம் கரண்டி போலக் குழிந்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், எங்கள் பெண்களிடம் அது சாதாரணமாகக் காணப்படுவது. ஒரே ஒரு விரலில் புதிதாகக் கறுப்பு அல்லது மண்ணிறக் கோடு வந்து அகன்றுகொண்டே போனால் தோல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். சின்ன வயதில் கொக்குக்கு நகத்தைக் காட்டி வாங்கிக்கொண்ட வெள்ளைப் பூ இருக்கிறதே, அது கல்சியக் குறைவால் வருவதென்று நம்புகிறோம். பெரும்பாலும் எங்கோ இடித்துக்கொண்டதன் அடையாளம்தான் அது. நகம் வளர பயோட்டின் குளிசை விழுங்குகிறவர்கள் இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். தைரொயிட் பரிசோதனையையும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையையும் அது பிழையாகக் காட்ட வைக்கலாம்.

தாதியர்கள், மருத்துவிச்சிகள், வைத்தியசாலையில் பயிலும் பிள்ளைகள் செயற்கை நகம் வைக்கவே கூடாது. உலக சுகாதார அமைப்பின் 2009ஆம் ஆண்டுக் கைச்சுத்த வழிகாட்டியிலேயே அது இருக்கிறது. அடியில் தங்கும் கிருமி நோயாளிக்குப் போகும். பிரசவத்துக்கோ சத்திரசிகிச்சைக்கோ நாள் குறித்துவிட்டால், ஜெல்லையும் அக்ரிலிக்கையும் முன்கூட்டியே கழற்றிவிட்டுப் போங்கள். விரல் நுனியில் மாட்டும் ஒட்சிசன் மானிக்கு அது இடைஞ்சல், நகத்தின் நிறத்தைப் பார்க்கும் வைத்தியருக்கும் இடைஞ்சல்.

கடைசியாக, ஜனாஸா குளிப்பாட்டும் சகோதரிகளுக்காக ஒன்று. மையித்தின் நகத்தில் பூச்சு இருந்தால், சேதமில்லாமல் எடுக்க முடிந்தவரை எடுக்க வேண்டும் என்று சொல்லித் தரப்படுகிறது. கியூடெக்ஸ் என்றால் பஞ்சால் துடைத்தால் போகும். ஜெல் போகாது. அதைத் தெரியாமல் கத்தியால் சுரண்டப் போய்த் திகைத்து நின்றவர்கள் என்னிடம் தொலைபேசியில் கேட்டிருக்கிறார்கள். குளிப்பாட்டும் பையில் ஒரு சிறு போத்தல் அசிட்டோன், பஞ்சு, அலுமினியத் தாள், மரக்குச்சி ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். சந்தனமும் கற்பூரமும் தயாராகும் நேரத்துக்குள் பத்து விரலையும் சுற்றி வைத்துவிட்டால், யாரும் சுரண்டாமலேயே கழன்று வந்துவிடும்.